மூன்றாம் வரிசைச் சிப்பாயின் சாவி

1961 நவம்பர் மூன்றாம் ஞாயிறு அன்று, இத்தாலியில் எங்கள் மலையூர் ரொக்காசெர்வாவின் பங்குக்கோயில் அரங்கில் ஓடிய படத்தில், ரோமாபுரிக் குதிரைப்படை கால் வைக்க அங்கவடி இல்லாமல் வந்தது. முந்தைய ஞாயிறு வரை அங்கவடி இருந்தது. அந்தக் காலத்து ரோமர்களிடம் அப்படியொரு பொருளே கிடையாது என்று லத்தீன் வாத்தியார் மாந்தெல்லி அபிப்பிராயம் சொன்னார், பங்குச்சாமியார் அதைக் குறிப்பேட்டில் எழுதினார், படம் தன்னைத் திருத்திக்கொண்டது. பழக்கமில்லாத வீரர்கள் இரண்டு பேர் பாலத்துக்கு முன்னாலேயே குதிரையிலிருந்து விழுந்தார்கள். ஒருவன் படம் முடியும்வரை நொண்டினான். அந்த வாரம் ஆலிவ் எண்ணெய் லிட்டர் அறுநூறு லீராவுக்கு விற்றது.

இதற்குக் காரணம் என்று தனியாக எதுவும் இல்லை. படம் பார்த்துக் கெடுகிற புத்தி, பார்த்தபின் உட்கார்ந்து பேசினால் நேராகிவிடும் என்று எங்கள் மறைமாவட்டத்து ஆயர் நினைத்தார். ஆகவே பங்கு அரங்குகளில் படம் முடிந்ததும் கூட்டம் நடத்தி, பார்த்தவர்களின் அபிப்பிராயங்களை எழுதிவைக்க வேண்டும் என்று எல்லாப் பங்குகளுக்கும் கடிதம் போனது. மற்ற ஊர்ச் சாமியார்கள் தாங்களே இரண்டு வரி எழுதிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். எங்கள் பங்குச்சாமியார் தொன் கௌதென்சியோ அப்படிப்பட்டவர் அல்ல. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மனசாட்சி. வாசற்கதவைப் பூட்டிவிட்டு மேசை போட்டு உட்காருவார். பத்து அபிப்பிராயம் சேரும்வரை ஒருவரும் வெளியே போக முடியாது. சொன்னதைச் சொன்னபடி எழுதுவார். பொறுக்கி எடுக்கத் தான் யார், தான் எழுதுகிறவன் மட்டும்தான் என்பார். நாற்காலி முதுகைக் குத்துகிறது என்று ஒருவன் சொன்னதைக்கூட எழுதினார். அந்தக் கறுப்புக் குறிப்பேட்டைப் படச்சுருள்களோடு சேர்த்து இரும்பு அலமாரியில் வைத்தார், ஏனென்றால் கோயிலில் எலி போகாத அலமாரி அது ஒன்றுதான். வாரத்தில் ஆறு நாள் குறிப்பேடும் படமும் ஒன்றின்மேல் ஒன்றாக இருட்டில் கிடந்தன. ஒன்றையொன்று தெரிந்துகொள்ளாமல் இருக்குமா?

படத்தின் பெயர் ‘தெவெரே நதிச் சிங்கம்’. அக்டோபரில் ஒரே ஒரு ஞாயிறுக்காக வந்தது. அந்த வாரமே மழை பாதையை அடித்துக்கொண்டு போயிற்று; பாதை சரியானபோது படத்தை அனுப்பிய கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சேதி வந்தது. திருப்பி அனுப்ப முகவரி இல்லாத படம் எங்களோடு தங்கிவிட்டது. கதை பெரிதாக ஒன்றுமில்லை: இளம் தளபதி லூச்சோ கார்த்தேஜ் படையைப் பாலத்தில் தடுப்பான், ஒரு செனட்டர் துரோகம் செய்வான், லிவியா என்ற பெண் மயங்கி விழுவாள். ஆனால் அந்தப் பாலம் எங்கள் ஊருக்குக் கீழே ஆற்றுமேட்டில் போட்ட பாலம். அங்கே ஐந்து வருஷத்துக்கு முன் படம் எடுத்தபோது எங்கள் ஊர் ஆண்கள் அறுபது பேர் சிப்பாய்களாக நின்றார்கள். நாளுக்கு ஒரு கூடை கொடுத்தார்கள். ரொட்டி, அவித்த முட்டை, அரைப்புட்டி ஒயின். அந்த முட்டையைத் தின்றதால் படத்தில் தங்களுக்குப் பங்கு இருப்பதாக ஊரே நினைத்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கசாப்புக்கடை தார்குவீனியோ, கார்த்தேஜ் படை என்கிறார்கள், ஒரு யானைகூட இல்லையே என்று குறைப்பட்டார். அடுத்த ஞாயிறு யானை வந்தது. ஒரே யானைதான், அதுவே ஒன்பது முறை சுற்றி வந்து பாலத்தைக் கடந்தது. காசில்லாத கம்பெனி எடுத்த படம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். லிவியா எதற்கெடுத்தாலும் மயங்குகிறாளே, அவளுக்கு வேறு வேலை இல்லையா என்று பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டார்கள். அதற்கப்புறம் லூச்சோ காதல் பேசும்போதெல்லாம் அவள் பட்டாணி உரித்தாள். செனட்டர் வீட்டு விருந்தில் தக்காளி இருக்கிறது, அது அமெரிக்காவிலிருந்து வந்த காய் என்று வாத்தியார் எழுந்து நின்று சொன்னார். தக்காளி போயிற்று. விருந்தாளிகள் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகம் தொங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆடுகிற பெண்களுக்குக் குளிருமே என்று தொன் கௌதென்சியோ தன் அபிப்பிராயத்தையும் ஒருநாள் எழுதிக்கொண்டார். அவர்கள் கம்பளிப் போர்வையோடு ஆடினார்கள். அன்றைய கூட்டத்தில் ஆண்கள் தரப்பில் வந்த பதினேழு அபிப்பிராயங்களையும் அவர் வியர்க்க வியர்க்க எழுதியதால், அடுத்த வாரம் போர்வை முழங்கால்வரை ஏறியது. வாத்தியார் மாந்தெல்லிக்கு மட்டும் எதிலும் திருப்தி இல்லை. முப்பத்தொரு வருஷம் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர், யாருக்கும் பத்துக்கு ஏழுக்கு மேல் போட்டதில்லை. அவர் வாயால் ‘சரி’ என்ற சொல்லைக் கேட்டவர்கள் ஊரில் யாரும் கிடையாது.

எர்சீலியா மட்டும் எந்த அபிப்பிராயமும் சொல்வதில்லை. கோழி வளர்த்து முட்டை விற்கிறவள், முப்பத்தாறு வயது, அரங்கில் மூன்றாம் வரிசையில் இடது ஓரத்து நாற்காலி அவளுடையது. அந்த அறுபது சிப்பாய்களில் அவள் புருஷன் நெல்லோவும் ஒருவன். படப்பிடிப்பின் கடைசி நாள், கம்பெனி லாரிகள் ரோமுக்குத் திரும்பியபோது, அவன் கவசத்தைக் கழற்றாமலே ஒன்றில் ஏறி உட்கார்ந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம் இதோ வந்துவிடுகிறேன் என்றான். வீட்டுச் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. உள்ளங்கை நீள இரும்புச் சாவி, எர்சீலியாவின் அப்பா கட்டிய வீட்டுக்கு அவரே அடித்த பூட்டு, இன்னொரு சாவி கிடையாது. வாசற்கதவு பூட்டியே கிடந்தது. பூட்டை உடைக்கலாம் என்று சொன்னவர்களிடம், கொண்டுபோனவன் கொண்டுவரட்டும் என்றாள். ஐந்து வருஷமாக அவள் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் போய்வந்தாள். மாவு மூட்டை, கரி, மரப்பீப்பாய், ஒரு பாஸ்காப் பண்டிகைக்கு உயிரோடு ஒரு செம்மறிக்குட்டி, எல்லாம் அந்த ஜன்னல் வழியாகவே போயின. நெல்லோவிடமிருந்து ஒரு கடிதம் இல்லை, கடிதாசு உறைகூட இல்லை.

பிறகு படம் வந்தது. எழுபத்தோராவது நிமிஷத்தில், பாலத்துச் சண்டையில், மூன்றாம் வரிசைச் சிப்பாயாக நெல்லோ பதினோரு விநாடி தெரிவான். அம்பு பட்டு விழுவான். கேமரா தன்னைத் தாண்டிவிட்டது என்று நினைத்து ஒரு கண்ணைத் திறப்பான். இடுப்புக்கு அடியில் குத்துகிற சாவியை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி சாவான். ரோமாபுரியில் அப்படியொரு சாவி இருந்திருக்க முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தக்காளியை விடாத வாத்தியார் அந்தச் சாவியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த இடம் வரும்போது அரங்கில் இருமல்கூட நின்றுவிடும். எர்சீலியா கண் கொட்டாமல் பார்ப்பாள், வீட்டுக்குப் போவாள், ஜன்னலில் ஏறுவாள்.

ஏறுவதற்கு அவளுக்கு ஓர் உதவி இருந்தது. படம் ஓட்டுகிற அமில்காரே, வாரநாள்களில் மின்சார வேலை பார்ப்பவன். கார்த்தேஜ் தளபதியின் பெயரை அவன் அப்பா தெரியாமல் வைத்துவிட்டார்; அந்த ஒரு காரணத்துக்காக வாத்தியார் அவனுக்கு வணக்கம் சொல்வதில்லை. நான்கு வருஷத்துக்கு முன் அவள் வீட்டு விளக்கைச் சரிசெய்ய வந்தவன், அவள் ஜன்னலில் ஏறத் தடுமாறியதைப் பார்த்து, குனிந்து இரண்டு கைகளையும் கோத்துப் படியாக நீட்டினான். அவள் அதில் கால் வைத்து ஏறினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் அப்படியே நடந்தது. ஏறியதும் ‘போய்ட்டு வரேங்க’ என்பான், ‘வாங்க’ என்பாள். நான்கு வருஷத்தில் அவர்கள் பேசியதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம், முகவரிக்கும் இடம் மிஞ்சும். ஊருக்கு எல்லாம் தெரியும். ஊர் அதைப் பற்றிப் பேசவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் கெட்டதாகப் பேசவில்லை.

டிசம்பர் முதல் வாரம் அமில்காரேவுக்கு வடக்கே தொரீனோ நகரத்திலிருந்து கடிதம் வந்தது. பெரிய தொழிற்சாலையில் வேலை, ஜனவரி ஆறு, மூன்று அரசர் திருநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு அவள் கால் அவன் கையில் இருக்கும்போதே கேட்டான், போகட்டுமா இருக்கட்டுமா என்று.

“எந்த உரிமையில நான் இருங்கன்னு சொல்ல?” என்றாள் எர்சீலியா. ஏறி உள்ளே போனாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் நாட்டில் அப்போது விவாகரத்து கிடையாது. புருஷனை விட்டு வேறொருவனோடு குடியிருக்கும் பெண்ணைச் சிறையில் போடச் சட்டம் இருந்தது. பத்து வருஷம் ஒரு சேதியும் இல்லாமல் போனவனை இறந்தவன் என்று எழுதிவிடலாம். அதில் ஐந்து வருஷம் கழிந்திருந்தது. அவள் நகராட்சிக்குப் போய்க் கேட்டாள். பதிவாளர் கொஸ்தான்தே நல்ல மனுஷர், ஆனால் படம் பார்க்கிறவர். ஒவ்வொரு ஞாயிறும் நூற்று நாற்பது பேர் அவனைப் பார்க்கிறோம், நானே பார்க்கிறேன், செத்தபிறகு கண்ணை வேறு திறக்கிறான், சேதி இல்லை என்று நான் எந்தக் கையால் எழுத, என்று வருத்தத்தோடு கேட்டார். கணக்குப்படி அந்தப் பத்து வருஷம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாகத் தொடங்கியது. அவனைப் பார்ப்பதற்காக அவள் வந்த படமே அவளைக் கட்டிப்போட்டது. அமில்காரே போய்விட்டால் படம் ஓட்ட ஆள் இல்லை என்பது ஊருக்கும் உறைத்தது. அதனால் அவள் துக்கம் ஊர்த் துக்கமாயிற்று.

டிசம்பர் பத்தாம் தேதிக் கூட்டத்தில் தார்குவீனியோ எழுந்தார்.

“சாமி, எழுதிக்குங்க. மூணாவது வரிசையில ஒருத்தன் ரெண்டு மாசமா அரைகுறையாச் சாகிறான். செத்தா ஒழுங்காச் சாகணும். கண்ணைத் திறக்கக் கூடாது.”

அவர் என்ன கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. யானை கேட்டு யானை வந்திருக்கிறது, தக்காளி கேட்டுத் தக்காளி போயிருக்கிறது. தொன் கௌதென்சியோவின் பேனா காகிதத்துக்கு அரை அங்குலம் மேலே நின்றது. சொன்னதைச் சொன்னபடி எழுதுவது அவர் விதி. கொலை செய்யாதிருப்பாயாக என்பது அவரைவிடப் பெரியவருடைய விதி. கழுத்துப்பட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. அப்போதுதான் மூன்றாம் வரிசை இடது ஓரத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“எழுதாதீங்க சாமி,” என்றாள் எர்சீலியா. “அவன் சாகணும்னு நான் கேக்கலை. சோம்பேறிதான், பொய் சொல்றவன்தான், ஆனா ஒரு கோழியைக்கூட அவன் கையால கொன்னதில்லை. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். வரேன்னோ, வரலைன்னோ, அவன் வாயால சொல்லணும். சொல்லாமப் போனான் பாருங்க, அதைத்தான் அஞ்சு வருஷமா ஜன்னல் வழியாத் தூக்கிக்கிட்டு ஏறுறேன்.”

தார்குவீனியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு வாத்தியார் மாந்தெல்லி எழுந்து, மன்னிக்க வேண்டும், அந்தச் சாவியைப் பற்றி ஒரு விஷயம் என்று ஆரம்பித்தார். இப்போதா வாத்தியாரே என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. பழைய ரோமர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டப்படி, மனைவியை விலக்க நினைத்தவன் கோர்ட்டுக்கும் போக வேண்டாம் கோயிலுக்கும் போக வேண்டாம். வீட்டுச் சாவியை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு, உன் பொருளை நீயே வைத்துக்கொள் என்று சாட்சிகள் முன்னால் ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று விளக்கினார்.

“சாவியை எடுத்தாச்சு, வார்த்தை பாக்கி. வேலையைப் பாதியில விட்டிருக்கான். என் வகுப்புலயும் அவன் அப்படித்தான், மொழிபெயர்ப்புல ஒருநாளும் ரெண்டாம் பக்கத்தைத் தொட்டதில்லை,” என்றார்.

எர்சீலியா அவரைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். “அந்த வார்த்தையை எழுதுங்க சாமி.”

தொன் கௌதென்சியோ பேனாவைக் கீழே வைத்தார். கடவுள் சேர்த்துவைத்ததை மனுஷர் பிரிக்கக் கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவளுக்குக் கல்யாண மோதிரம் மாட்டிவைத்த பீடத்தில் நின்றவரே அவர்தான்.

“நான் யாரையும் பிரிக்கச் சொல்லலை. படத்தைப் பத்தி அபிப்பிராயம் சொல்றேன். மத்தவங்க சொன்னதெல்லாம் எழுதினீங்களே?”

எழுதினார். நாற்காலி முதுகைக் குத்துவதையே எழுதிய மனுஷர், இதை எழுதாமல் அவரால் தூங்க முடிந்திருக்காது.

பதினேழாம் தேதி அரங்கில் நிற்க இடமில்லை. எழுபத்தோராவது நிமிஷம் வந்தது, பாலம் வந்தது, மூன்றாம் வரிசை வந்தது. நெல்லோ இல்லை. அவன் நிற்கிற இடத்தில் பல் விழுந்த வாய்போல ஓர் இடைவெளி இருந்தது. அம்பு வந்து யார்மேலும் படாமல் ஆற்றில் விழுந்தது. குறிப்பேட்டைப் படித்துவிட்டு ஓடிவிட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எர்சீலியா கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவமானம் என்றால் என்ன என்று அன்று அந்த அரங்கில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். மேலே படம் ஓட்டுகிற அறையில் அமில்காரே தலையைச் சுவரில் சாய்த்து நின்றான். அன்றைய கூட்டத்தில் நாற்பத்து மூன்று அபிப்பிராயங்கள் வந்தன, நாற்பத்து மூன்றும் ஒன்றேதான்: தளபதி என்று இருப்பவன் தன் ஆட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தொன் கௌதென்சியோ அதை நாற்பத்து மூன்று முறை எழுதினார். வீடுகளில் சூப் ஆறிப்போனது. அடுத்த ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குடில் நாடகம் இருந்ததால் படம் கிடையாது. அமில்காரே துணிமணிகளை ஒரு பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான்.

டிசம்பர் முப்பத்தொன்று, சாயங்காலம் நான்கு மணிக் காட்சி. படம் தொடங்கி அரைமணி நேரம் எல்லாம் வழக்கம்போல் நடந்தது. தோட்டத்துக் காட்சியில் லூச்சோ காதல் பேசிக்கொண்டிருந்தான், லிவியா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவன் வாக்கியத்தைப் பாதியில் விட்டான், ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தவன்போல எழுந்தான். போங்க போங்க, முதல்ல அதைப் பாருங்க என்று லிவியாவே கையை ஆட்டி அனுப்பிவைத்தாள். அவன் பாசறைக்குப் போய்ச் சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி எண்ணினான். ஐம்பத்தொன்பது. கூடாரம் கூடாரமாகத் தேடினான், வைக்கோல் வண்டியைக் கவிழ்த்தான், யானையின் மறுபக்கம் போய்ப் பார்த்தான். பாசறைக்குப் பின்னால், கம்பெனியின் சாப்பாட்டுக் கூடைகளுக்கு நடுவில், நெல்லோ உட்கார்ந்து ஒரு முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். ரோமாபுரிப் படத்தில் ஒயின் புட்டிக் கூடைகள் தெரிந்ததைப் பற்றி அன்று ஒருவரும் குறை சொல்லவில்லை. தளபதி அவனைக் காதைப் பிடித்துப் பாலத்துக்கு இழுத்துவந்து, அவன் வரிசையில் கேமரா முன் நிறுத்தினான். திரை முழுக்க நெல்லோவின் முகம். ஐந்து வருஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தான். வாயிலிருந்த முட்டையை விழுங்கிவிட்டு, மூன்றாம் வரிசையின் இடது ஓரத்தைப் பார்த்தான்.

“எர்சீலியா,” என்றான், எங்கள் மலைப்பேச்சில். “உன் சாமானை நீயே வெச்சுக்க.”

லூச்சோ அவன் காதை விடவில்லை. போதாது என்று நினைத்தானோ என்னவோ.

“நான் வரமாட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயம். எனக்குன்னு சூப்பை மூடி வெக்காதே.”

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து ஒருமுறை கையில் எடை பார்த்தான். வீசினான். சாவி திரையைவிட்டு வெளியே வந்து மேடைப்பலகையில் விழுந்தது, வழுக்கிக்கொண்டு போய்த் தார்குவீனியோவின் செருப்பில் மோதி நின்றது. எர்சீலியா அழுதாள். சந்தோஷத்தில் என்றார்கள் சிலர், துக்கத்தில் என்றார்கள் சிலர். நான் கேட்டறிந்தவரை இரண்டும்தான். திரையில் அந்த நேரம் அம்பு வந்தது. நெல்லோ குனிந்துகொண்டான், அது அவனுக்குப் பின்னால் நின்றவனின் தோளில் பட்டது. அங்கே நின்றது தார்குவீனியோவின் மச்சான். அரங்கில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷர் பத்து நாள் வலது கையைத் தூக்க முடியாமல் இருந்தார். நெல்லோ பாலத்தின்மேல் அவசரமில்லாமல் நடந்து கார்த்தேஜ் பக்கம் போனான். யானை ஒதுங்கி வழிவிட்டது.

விளக்கு போட்டதும் எல்லாத் தலைகளும் வாத்தியார் பக்கம் திரும்பின. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வாக்கியம் லத்தீனில் இல்லை என்று தொடங்கினார். புருஷன் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும், இவன் திருப்பிக் கொடுக்கிறான், இது முறையில்லை என்றார். எர்சீலியாவின் முகம் வெளுத்தது. பிறகு அவர் நின்று யோசித்தார், வெகுநேரம் யோசித்தார். வீடு பெண்ணின் தகப்பன் வீடு. பூட்டு தகப்பன் அடித்த பூட்டு. அப்படியென்றால் சாவியும் அவள் பொருளில் சேர்த்தி, அவள் பொருளை அவளிடமே விட்டதாக ஆகிறது.

“சரி,” என்றார்.

சாவி திரையிலிருந்து விழுந்தபோதுகூட எழாத சலசலப்பு அப்போது எழுந்தது. இரண்டு கிழவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

தொன் கௌதென்சியோ ஐந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறாம் நாள், மூன்று அரசர் திருநாள் காலையில், பூசை முடிந்ததும் வாத்தியாரைப் பிடித்து, அந்தப் படம் எந்த வருஷத்துக் கதை என்று கேட்டார். கி.மு. 209 என்றார் வாத்தியார், அதிலும் சில பிழைகளோடு. நம் ஆண்டவர் பிறப்பதற்கு முன்னால்தானே? இருநூறு வருஷத்துக்கு மேலேயே முன்னால். அப்போது திருச்சபை இல்லை? இல்லை. திருமணம் திருவருட்சாதனம் இல்லை? இருக்க வழியில்லை. சாமியார் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. திருச்சபை பிறக்காத காலத்தில் சட்டப்படி முடிந்துபோன காரியத்தில் திருச்சபைக்கு என்ன வேலை? எர்சீலியா, நெல்லோ திருமணம், நடப்பதற்கு இரண்டாயிரத்து நூற்றைம்பத்தொன்பது வருஷம் முன்பே ரத்தாகியிருந்தது. அது தெரியாமல் மந்திரித்தது தன் பிழை என்று ஆயருக்கு எழுதி மன்னிப்புக் கேட்டார். இரண்டு மாதம் கழித்து ஆயர் இல்லத்திலிருந்து பதில் வந்தது. ஆடுகிற பெண்களின் போர்வை இப்போது எதுவரை இருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

பதிவாளர் கொஸ்தான்தே தாமதிக்கவில்லை. திருமணம் ரத்தான வருஷத்துக்குப் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டு மற்றதில் 209 என்று நிரப்பினார், சாட்சிகள் நூற்று நாற்பது பேர் என்று எழுதி முத்திரை குத்தினார். மேலிடத்திலிருந்து அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மேலிடத்தில் அந்தக் கட்டங்களை யாரும் படிப்பதில்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். அமில்காரே தொரீனோவுக்கு ஒரே வரியில் பதில் போட்டுவிட்டுப் பெட்டியிலிருந்து துணிகளை வெளியே எடுத்தான்.

பிப்ரவரி கடைசியில், தவக்காலத்துக்கு முன், கல்யாணம் நடந்தது. வாத்தியார் மாந்தெல்லி மாப்பிள்ளைக்கு முதல்முறையாக வணக்கம் சொன்னார். ஊர்வலமாக எர்சீலியாவின் வீட்டு வாசலுக்கு வந்தோம். சாவி திரும்பக் கொஞ்சம் எண்ணெயும் தார்குவீனியோவின் தோளும் வேண்டியிருந்தன. கதவு திறந்தது. ஊரே உள்ளே போய், ஐந்து வருஷம் யாரும் நுழையாத வழியில் நுழைந்த சந்தோஷத்தில் ஒயினைத் திறந்தது. திரும்பிப் பார்த்தால் பெண்ணைக் காணவில்லை. கல்யாண உடையோடு அவள் வீட்டுக்குப் பின்னால், சமையலறை ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தாள். கால் அங்கே தானாகப் போய்விட்டது என்றாள். அமில்காரே வந்து, புதுக் கோட்டோடு குனிந்து, கைகளைக் கோத்து நீட்டினான்.

அவள் ஏறிக்கொண்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “வாங்க,” என்றாள். இந்த முறை அவனும் ஏறினான்.

இப்போதும் அவர்கள் அந்த வழியாகத்தான் போய்வருகிறார்கள். வாசற்கதவு விருந்தாளிகளுக்கு, சாவி கோழிக்கூண்டு ஆணியில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். படம் ஞாயிறுதோறும் ஓடுகிறது, மூன்றாம் வரிசையில் ஓர் ஆள் குறைவாக. அதைப் பற்றி இன்றுவரை யாரும் அபிப்பிராயம் சொன்னதில்லை.